பாதியில் நிற்கும் விண்டோஸ்: பென்டிரைவ் மேல் விழுந்த பழி

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடையோடு டிடிபி வேலையும் சேர்த்துப் பார்க்கும் அண்ணன் ஒருவரின் சிஸ்டம் இது. நான்காம் தலைமுறை கோர் ஐ3, எச்81 சிப்செட் போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு. பிற்பாடு சேர்த்த 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10, பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் டிசைன்கள். இந்தக் காலத்துக்குப் பழையதுதான். ஆனால் கோரல் டிரா, பேஜ்மேக்கர், ஒரு லேசர் பிரிண்டர் இவற்றுக்கு அது போதும்.

கொஞ்ச நாளாக ப்ளூ ஸ்கிரீன், அதாவது விண்டோஸ் திடீரென்று நின்று நீலத் திரையில் பிழை காட்டுவது, வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று சொல்லும், மறுநாள் பேஜ் ஃபால்ட் என்று சொல்லும், இன்னொரு நாள் ஏதோ டிரைவர் பெயரைக் காட்டும். அண்ணன் தன் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்: "ஒண்ணுமில்ல தம்பி, விண்டோஸ் கெட்டுப்போச்சு. ஒரு ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடு, சரியாயிடும்." ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொல்லும் ப்ளூ ஸ்கிரீன் எனக்கு அப்போதே நெருடியது. ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் ஓஎஸ் போட்டுப் பல வருஷமாகிவிட்டது, உள்ளே குப்பையும் நிறைய. சரி, புதிதாகப் போட்டுப் பார்ப்போம் என்று கேபினெட்டை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

பேக்கப் எடுப்பதற்கு அந்த சிஸ்டத்தையே நம்ப மனம் வரவில்லை. இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி, யுஎஸ்பி-சாட்டா கன்வெர்ட்டரில் மாட்டி, என் லேப்டாப்பில் வைத்து எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி செய்தேன். காப்பியின் நடுவில் ப்ளூ ஸ்கிரீன் வந்து தொலைக்கக் கூடாது என்பதுதான் அப்போதைய கணக்கு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அது கீழே வரும்.

டிடிபி கடை சிஸ்டத்தை ஃபார்மட் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மட்டும் எடுத்தால் வேலை முடியாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்ய வேண்டும். பாமினி மாதிரியான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில்தான் இந்தக் கடைகளின் பழைய வேலை அத்தனையும் கிடக்கிறது. எழுத்துரு போனால் "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் பத்திரிகை, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பத்து வருஷமாக யார் யாரிடமோ வாங்கிச் சேர்த்த எழுத்துருக்களைத் திரும்பத் தேடி எடுப்பது லேசான காரியமில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதே, 11 போடக் கூடாதா என்று கேட்கலாம். 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ அனுமதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சுற்றுவழிகள் இருக்கின்றன. ஆனால் இன்னொருவரின் பிழைப்பு ஓடும் மெஷினில் அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்காது. அண்ணனுக்கும் பேஜ்மேக்கர் பழையபடி ஓடினால் போதும், இன்டர்நெட் வேலையெல்லாம் போனில்தான். ஆகவே 10-தான் என்று முடிவானது.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று தயார் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கை மாட்டாமல், எஸ்எஸ்டியை மட்டும் மாட்டினேன். இது என் வழக்கம். டிஸ்க்கைப் பிரிக்கவும் அழிக்கவும் உதவும் டிஸ்க்பார்ட் கட்டளையில் கிளீன் என்று அடித்தால் அது "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்காது. தப்பான டிஸ்க் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் டிசைன்கள் அத்தனையும் போச்சு. கேபிளையே பிடுங்கி வைத்துவிட்டால் தப்பு நடக்க வழியே இல்லை.

முதல் தடங்கல் எதிர்பார்த்ததுதான். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், அது புதிய பூட் முறை. அதைத் தேர்ந்தெடுத்துப் போனால், டிஸ்க்கைக் காட்டும் இடத்தில் இதில் விண்டோஸைப் போட முடியாது, டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது, ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும் என்றது. பழைய விண்டோஸை யாரோ லெகஸி என்ற பழைய பூட் முறையில் போட்டிருக்கிறார்கள். ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு விண்டோ வரும். டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. ஒரு நிமிஷ வேலை. எஸ்எஸ்டியில் இருந்ததை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் பயமில்லை.

அடுத்து ஃபைல்களைத் தயார் செய்யும் கட்டம். சதவீதம் ஏறிக்கொண்டே போய், இருபதைத் தொடும் முன் நின்றது. தேவையான ஃபைல்களைப் போட முடியவில்லை, ஃபைல் கெட்டிருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம் என்று செய்தி. பிழை எண் 80070570.

இந்த எண்ணைத் தேடினால் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: பென்டிரைவ் கெட்டுவிட்டது, ஐஎஸ்ஓவை (விண்டோஸ் செட்டப் முழுக்க அடங்கிய ஃபைல்) மறுபடி டவுன்லோட் செய்யுங்கள். அது தப்பான அறிவுரை கிடையாது. நானும் வேறு பென்டிரைவ் எடுத்து, புதிதாக டவுன்லோட் செய்து, முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் போர்டிலேயே இருக்கும் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை அறுபதைத் தாண்டிப் போய் நின்றது. அதற்கப்புறம் நாற்பதுகளில் ஒரு முறை. அதில் எண்ணும் மாறியது: 8007025டி.

நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பது நல்ல துப்பு. ஐஎஸ்ஓவில் ஒரு ஃபைல் கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் அதே ஃபைலில்தான் முட்டும், சதவீதமும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். எஸ்எஸ்டியில் குறிப்பிட்ட ஓர் இடம் கெட்டிருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். இடம் மாறுகிறதென்றால், கெட்டுப்போன பொருள் தன் இடத்தில் இருக்க, வந்து போகும் டேட்டாதான் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக அதன் மேல் விழுகிறது. அப்படி டேட்டா வந்து போகும் இடங்கள் என்று பார்த்தால் ராம், கேபிள், யுஎஸ்பி போர்ட், மின்சாரம்.

பிழை எண்களும் அவ்வளவு புரியாத விஷயமில்லை. 8007 என்று தொடங்கினால், பின்னால் வரும் நாலு இலக்கம் விண்டோஸின் சாதாரணப் பிழைப் பட்டியலில் உள்ள எண், ஹெக்ஸில் (பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில்) எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 0570-ஐத் தசமத்துக்கு மாற்றினால் 1392. அதன் பொருள், ஃபைலோ ஃபோல்டரோ சிதைந்து படிக்க முடியாமல் இருக்கிறது என்பது. 025டி என்றால் 605. அதன் விளக்கம்தான் சுவாரஸ்யம்: கொடுத்த பஃபரில் இருக்கும் டேட்டா ஒழுங்கான வடிவில் இல்லை. சுருக்கிய டேட்டாவை விரிக்கும்போது வரும் பிழை இது. பஃபர் என்றால் ராமில் ஒதுக்கிய இடம்.

விண்டோஸ் செட்டப் என்ன செய்கிறது என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். பென்டிரைவில் முழு விண்டோஸும் ஒரே பெரிய ஃபைலாக, இன்ஸ்டால் என்ற பெயரில் விம் அல்லது ஈஎஸ்டி வகையில், நன்றாக நெருக்கிச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. செட்டப் அதைத் துண்டு துண்டாக ராமுக்குக் கொண்டுவந்து, விரித்து, டிஸ்க்கில் எழுதுகிறது. சாதாரண ஃபைலில் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டால் ஒரு எழுத்து மாறும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. சுருக்கிய ஃபைலில் ஒரு பிட் புரண்டால் அந்தத் துண்டு முழுக்கவே விரியாது, அல்லது விரித்தபின் சரிபார்ப்பில் தோற்கும். செட்டப் அங்கே நின்று "ஃபைல் கெட்டிருக்கிறது" என்று சொல்கிறது. அதன் கைக்கு வந்த டேட்டா கெட்டிருந்தது என்பது உண்மை. எங்கே கெட்டது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. டாங்க் தண்ணீர் நன்றாக இருந்து, குழாய் துருப்பிடித்திருந்தால் டம்ளரில் தெரிவது கலங்கல் மட்டும்தான்.

லாக் ஃபைல்களையும் திறந்து பார்த்தேன். அதே கறுப்பு விண்டோவில் நோட்பேட் என்று அடித்தால் நோட்பேட் திறக்கும். செட்டப் ஓடும்போது எக்ஸ் டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பாந்தர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் செட்அப்எர்ர், செட்அப்ஆக்ட் என்று இரண்டு லாக் கிடைக்கும். முதலாவது சின்னது, பிழைகள் மட்டும். அதிலும் விரிக்கும் இடத்தில்தான் தகராறு என்று இருந்ததே தவிர, டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று ஒரு வரிகூட இல்லை.

இனி யூகத்தை விட்டுச் சோதனைக்கு வந்தேன். இன்னொரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் இருந்தது. அதில் லைவாக, அதாவது டிஸ்க்கில் போடாமல் பென்டிரைவிலிருந்தே, பூட் செய்ததும் எந்தச் சிக்கலும் இல்லாமல் டெஸ்க்டாப் வந்தது, பிரவுசர் ஓடியது. இதைப் பார்த்துத்தான் பல பேர் "லினக்ஸ் நல்லா ஓடுது, அப்போ ஹார்டுவேர் ஓகே" என்று முடிவு செய்கிறார்கள். லைவ் லினக்ஸ் சும்மா இருக்கும்போது 8 ஜிபியில் ஒன்றோ ஒன்றரையோதான் தொடும். கெட்ட இடம் அது தொடாத பகுதியில் இருந்தால் மோதவே மோதாது.

முதலில் எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் விவரம், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல். ஸ்மார்ட்சிடிஎல் காட்டிய பட்டியலில் மாற்றி ஒதுக்கிய செக்டர் பூஜ்யம். 199-ஆவது வரி, சிஆர்சி பிழைக் கணக்கு, அதுவும் பூஜ்யம். சாட்டா கேபிள் தளர்ந்திருந்தாலோ மடங்கி உடைந்திருந்தாலோ இந்த எண்தான் ஏறும். ஏறவில்லை, ஆகவே டிஸ்க்கும் கேபிளும் பட்டியலிலிருந்து விலகின.

அடுத்து நடந்ததுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. விண்டோஸ் பென்டிரைவில் இருக்கும் அந்தப் பெரிய இன்ஸ்டால் ஃபைலுக்கு ஷா-256 கணக்கிட்டேன். இது ஃபைலுக்கு ஒரு கைரேகை மாதிரி, ஒரு பிட் மாறினாலும் விடை மாறிவிடும். முதலில் என் லேப்டாப்பில். எத்தனை தடவை கணக்கிட்டாலும் ஒரே விடை. அப்புறம் அதே பென்டிரைவை நோயாளி மெஷினில், லைவ் லினக்ஸில் மாட்டி ஷா256சம் கட்டளையை ஓட்டினேன். வேறு விடை. பென்டிரைவைக் கழற்றி, மறுபடி மாட்டி ஓட்டினேன். முந்தைய இரண்டுக்கும் ஒத்துவராத மூன்றாவது விடை. இடையில் கழற்றி மாட்டுவது முக்கியம். இல்லாவிட்டால் ஏற்கெனவே படித்து ராமில் வைத்திருப்பதையே லினக்ஸ் எடுத்துக் கொடுக்கும், தப்பானாலும் அதே தப்பு திரும்ப வரும், நாம் ஏமாந்துபோவோம்.

மாறாத ஃபைலுக்கு மாறும் விடை. பென்டிரைவ் மேல் இருந்த பழி அங்கேயே தீர்ந்தது. யுஎஸ்பி போர்ட்டாக இருக்குமோ என்று ஒரு சின்ன சந்தேகம் பாக்கி. அதே ஃபைலை லேப்டாப்பில் வைத்து எஸ்எஸ்டியில் காப்பி செய்து, சாட்டா வழியாகப் படிக்கவைத்தும் பார்த்தேன். அங்கேயும் விடை நிலைக்கவில்லை. இரண்டு வழிக்கும் பொதுவானது ராம்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் போட்டேன். இது இலவசம், திறமூலம். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐயிலும் நேரடியாக பூட் ஆகிறது. அதற்கு முந்தைய 5.01-ஐ வைத்துக்கொண்டு "பூட் ஆகலையே" என்று திண்டாடுபவர்களை இன்னும் பார்க்கிறேன். செக்யூர் பூட் இருந்தால் அணைக்க வேண்டியிருக்கும். முகவரிச் சோதனைகள் அமைதியாகத் தாண்டின. மூவிங் இன்வெர்ஷன்ஸ் என்ற சோதனை தொடங்கியதும் சிவப்பு வரிகள் கொட்டின. எல்லாமே 5 ஜிபியை ஒட்டிய முகவரிகள். எதிர்பார்த்த மதிப்பையும் கிடைத்த மதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எல்லா வரியிலும் ஒரே ஒரு பிட், அதே பிட்.

மெம்டெஸ்ட்டை ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு "பாஸ்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுற்றாவது முழுசாக முடிய வேண்டும். டிடிஆர்3-இல் 8 ஜிபி என்றால் அது நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் நல்லது.

5 ஜிபி என்றால் இரண்டாவது ராம்தானே, அதைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிக் கணக்குப் போட முடியாது. ஒரே அளவுள்ள இரண்டு ராம்கள் டூயல் சானலில் ஓடும்போது முகவரிகள் இரண்டுக்கும் மாறி மாறிப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. எந்த முகவரியும் எந்த ராமிலும் இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

பவர் கேபிளை எடுத்து, பவர் பட்டனை சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு இரண்டையும் கழற்றினேன். ஒவ்வொன்றையும் அதே ஸ்லாட்டில் தனித்தனியாக மாட்டிச் சோதித்தேன். ஒன்று சுத்தம். இன்னொன்றில் சிவப்பு. அப்புறம் நல்ல ராமை மற்ற ஸ்லாட்டில் மாட்டினேன், அங்கேயும் சுத்தம். கெட்ட ராமை ஸ்லாட் மாற்றினாலும் சிவப்புதான். இந்த நான்கு நிலையையும் பார்க்காமல் ராம் போச்சு என்று சொல்லக் கூடாது. ஸ்லாட்டில் தூசி அடைத்திருந்தாலும், போர்டில் பிரச்சினை இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும்.

ரப்பர் வைத்தியமும் செய்தேன். ராமின் தங்க நிறத் தகடுகளைப் பென்சில் ரப்பரால் துடைப்பது நம் ஊர் சர்வீஸ் கடைகளில் எல்லாரும் செய்வதுதான். கரி படிந்திருந்தால் பலனும் கிடைக்கும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, மாதத்துக்கு ஒரு முறை தேய்த்தால் தேய்ந்தே போகும். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புது வம்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பிசிறு உதிராத துணியும் அதைவிட மேல். இங்கே எதற்கும் மசியவில்லை. எப்போதும் ஒரே பிட் என்பதால் சிப்புக்குள்ளேயே ஒரு செல் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கெட்ட முகவரியை மட்டும் ஒதுக்கிவிட்டு ஓட்டும் வழி லினக்ஸிலும் உண்டு, விண்டோஸிலும் பிசிடிஎடிட் என்ற கட்டளை மூலம் உண்டு. என் சொந்த மெஷின் என்றால் விளையாட்டாகச் செய்து பார்த்திருப்பேன். கடை சிஸ்டத்தில் வேண்டாம். மறுபடி யாராவது ஃபார்மட் அடித்தால் அந்த அமைப்பு போய்விடும், பழைய கதை திரும்பும்.

நல்ல 4 ஜிபி ராம் ஒன்றை மட்டும் வைத்து, முதலில் "கெட்டுவிட்டது" என்று சந்தேகிக்கப்பட்ட அதே பென்டிரைவில், அதே எஸ்எஸ்டியில் செட்டப்பை ஓட்டினேன். எங்கும் நிற்காமல் நூறைத் தொட்டது. ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி செட்டப்பின் முதல் திரையே வந்தது. பூட் வரிசையில் பென்டிரைவ் முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்ததும் மேலே போனது.

உள்ளே போனதும் இன்னொரு சின்னக் கூத்து. நெட் கனெக்ட் ஆகிறது, ஆனால் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை, சான்றிதழ் செல்லாது என்கிறது. விண்டோஸ் அப்டேட்டும் நகரவில்லை. கீழ்மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் நிற்கிறது. போர்டின் சிஆர்2032 பேட்டரி உயிர் விட்டிருக்கிறது, பவர் கேபிளைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் பயாஸ் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விட்டது. சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் உண்டு, கணினி அதற்கு முந்தைய காலத்தில் நின்றால் எல்லாமே செல்லாதவைதான். தெருக் கடையில் கிடைக்கும் வட்ட பேட்டரி, மாற்றியதும் சரி. இது போயிருந்தால் பயாஸில் நாம் மாற்றிய பூட் அமைப்புகளும் போயிருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

புது ராம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கிறது. ஆன்லைனில் ரொம்ப மலிவாக வரும் சில டிடிஆர்3 ராம்கள் ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே ஓடும், விளம்பரத்தின் கடைசி வரியில் சின்னதாக எழுதியிருப்பார்கள். இன்டெல் போர்டில் அவை மாட்டும், திரை வராது. இரண்டு பக்கமும் எட்டெட்டு சிப்பாகப் பதினாறு சிப் உள்ள 4 ஜிபி ராம் என்று பார்த்தால் மட்டும் முடிவு செய்யவும் முடியாது, நல்லதிலும் அப்படி உண்டு. அதனால் தெரிந்த கடையில், ஓடாவிட்டால் மாற்றித் தருவதாகப் பேசி வாங்கினேன். வந்ததும் முதல் வேலையாக இரவு முழுக்க மெம்டெஸ்ட். அது சுத்தமாக வந்த பிறகுதான் இரண்டு ராமோடு விண்டோஸுக்குள் போனேன். எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டி, சிஸ்டம் ஃபைல்களில் குறையில்லை என்றும் பார்த்துக்கொண்டேன்.

பேக்கப்புக்கு லேப்டாப்பைப் பயன்படுத்தியதன் பெரிய காரணம் இப்போது புரிந்திருக்கும். அந்த மெஷினிலேயே காப்பி செய்திருந்தால், ஒவ்வொரு ஃபைலும் அந்தக் கெட்ட ராம் வழியாகத்தான் போயிருக்கும். காப்பி முடிந்தது என்று பச்சைக் கோடு காட்டும், உள்ளே எத்தனை ஃபைலில் பிட் புரண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ப்ளூ ஸ்கிரீன் வரும் எந்த மெஷினிலிருந்தும் டேட்டாவை எடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் எடுப்பதுதான் என் கட்சி.

ஆனால் அதற்கு முன்பே நடந்த சேதத்துக்கு அது உதவாது. சிஸ்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஃபான்ட் எல்லாம் போட்டு முடித்ததும் அண்ணன் சொன்னார்: "தம்பி, கொஞ்ச நாளாவே சில கோரல் ஃபைல் தொறக்கவே மாட்டேங்குது. வைரஸ்னு நெனச்சேன்." ப்ளூ ஸ்கிரீன் தொடங்கிய காலத்தில் சேவ் செய்த ஃபைல்கள். சேவ் அடிக்கும்போதே கெட்ட ராம் வழியாகப் போயிருக்க வேண்டும்.

ஃபோல்டரைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, அந்தக் காலத்து ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறக்காதவற்றின் பக்கத்திலேயே பேக்கப்-ஆஃப் என்று தொடங்கும் ஃபைல் இருக்கிறதா என்று பார்த்தோம். கோரல் டிராவில் சேவ் செய்யும்போது பேக்கப் எடுக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால், முந்தைய தடவை சேவ் செய்ததை அது இந்தப் பெயரில் அதே ஃபோல்டரில் வைத்துவிடும். பெரும்பாலானவை அதில் கிடைத்தன, கடைசியாகச் செய்த திருத்தம் மட்டும் இருக்காது. பேக்கப்பும் திறக்காத சில டிசைன்களுக்கு அச்சடித்த பத்திரிகை கையில் இருந்தது. அவற்றை மறுபடி டைப் செய்ய அண்ணன் ஒரு பையனை உட்கார வைத்திருக்கிறார்.